பேய் ஓட்டத்துக்குப் போன பூட்டு

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் போனில் பேசுவது என் வேலை. பத்தொன்பது வருஷமாகப் பேசுகிறேன். அழுகிறவர்கள், கத்துகிறவர்கள், "உன் பேரைச் சொல்லு, உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்கிறவர்கள் எல்லாரையும் கேட்டாயிற்று. நான் பதறக் கூடாது. ஆள் வந்துகொண்டிருக்கிறார், கதவைப் பிடித்து இழுக்காதீர்கள் என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. என் மகன் படியில் உருண்டு விழுந்தபோது நான் முதலில் கேட்டது "எந்த மாடியில இருக்கே?" என்பதுதானாம். இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

என் பக்கத்து நாற்காலியில் எட்டு மாதமாக உட்கார்ந்திருப்பவனைப் பற்றிச் சொல்கிறேன். லிஃப்ட் மெக்கானிக். ஆபீஸில் அவனுக்குப் பூட்டு என்று பெயர். மெக்கானிக் ஒவ்வொருத்தருக்கும் ஒரு சிவப்புப் பூட்டு கொடுத்திருக்கிறார்கள். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்குவதற்கு முன்னால் மொட்டை மாடி மெஷின் ரூமுக்குப் போய், அந்த லிஃப்டின் மெயின் சுவிட்சை இறக்கி, மறுபடி யாரும் ஏற்றிவிடாதபடி தன் பூட்டை அதில் மாட்டிப் பூட்ட வேண்டும். மற்றவர்கள் பூட்டைப் பையில் போட்டு வைப்பார்கள், சில நாள் வீட்டில் மறந்துவிட்டு வருவார்கள். இவன் மட்டும் பூட்டை இடுப்பிலேயே மாட்டிக்கொண்டிருப்பான். தன் கல்யாணத்தன்றும் வேட்டிக்குள் வைத்திருந்தான் என்பார்கள். அதை நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

மெக்கானிக்குகள் ஜோடியாகத்தான் போவார்கள். இவனுக்கு ஜோடி ஏணி. ஆறடிக்கு மேல் உயரம், அதனால் ஏணி. பூட்டு சுவிட்சைப் பூட்டிவிட்டு "பூட்டிட்டேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். ஏணி வந்து தன் கண்ணால் பார்த்துவிட்டு "பார்த்துட்டேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒருவன் குழியில் இறங்கலாம். பதினோரு வருஷம் இரண்டு பேரும் இப்படித்தான் வேலை பார்த்தார்கள். இதற்கு நடுவில் பூட்டின் தங்கையை ஏணி கல்யாணம் செய்துகொண்டான். வேலையில் ஜோடி, வீட்டில் மச்சானும் மாப்பிள்ளையும். ஒருவனுக்குத் தலை வலித்தால் இன்னொருவன் மாத்திரை போடுவான் என்று ஆபீஸில் கிண்டல் செய்வோம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். இரண்டாம் லிஃப்டின் குழியில் இருக்கும் அவசரப் பொத்தான் கெட்டுப்போயிருந்தது, அதைச் சரிசெய்யப் பூட்டு இறங்கினான். ஏணி மேலே மெஷின் ரூமில் இருந்தான். யாரும் தவறி விழுந்துவிடக் கூடாதென்று பூட்டு தன் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டான். ஐந்து நிமிஷத்தில் லிஃப்ட் இறங்கி வந்தது. மல்லாந்து படுத்துவிட்டான். அடியில் இருக்கும் ஸ்பிரிங்கில் முட்டி லிஃப்ட் நின்றது. மூக்குக்கு மேல் ஒரு சாண் இடம். முழங்கால் மட்டும் மாட்டி நசுங்கியது. ஏணி மேலிருந்து கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை ஏற்றி முடிக்க இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று.

விசாரணை நடந்தது. பூட்டு, "நான் ரெண்டாம் நம்பரைப் பூட்டிட்டுத்தான் இறங்கினேன்" என்றான். ஆனால் சுவிட்சில் பூட்டு இல்லை. ஜோடிக்காரனிடம் எப்போதும் மாற்றுச் சாவி ஒன்று இருக்கும். ஏணி எழுந்து, "நான்தான் திறந்தேன். அவன் மேல வந்துட்டான்னு நெனச்சிட்டேன்" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனை மெக்கானிக் வேலையிலிருந்து இறக்கி எட்டு மாதத்துக்கு எண்ணெய் துடைக்கிற வேலைக்குப் போட்டார்கள். மதியம் சாப்பிடும்போது அவன் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. வீட்டிலும் இதே கதைதான். அவன் மனைவி, "எங்கண்ணனைக் கொல்லப் பார்த்த கையால என்னைத் தொடாதீங்க" என்றாளாம். இதைப் பூட்டின் மனைவிதான் என்னிடம் சொன்னாள். யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில் வேலை செய்கிறவள். மதிய இடைவேளையில் எனக்குப் போன் செய்து அழுவாள்.

கால் சரியாகிறவரைக்கும் என்று பூட்டை என்னோடு போன் வேலைக்குப் போட்டார்கள். முழங்கால் மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது. ஆனாலும் என் பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஏணி உள்ளே வந்தால் இவன் தண்ணீர் குடிக்கப் போவான். தங்கை வீட்டுப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை. அதே நேரம் போனில் நன்றாகப் பேசுவான், என்னைவிட நன்றாக. மாட்டிக்கொண்டவர்கள் அவனிடம் அழுவதில்லை. அவன் குரலில் ஏதோ ஒன்று அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

எட்டாவது மாதம் மேனேஜரம்மா இரண்டு பேருக்கும் கடிதம் கொடுத்தார். ஏணியின் தண்டனை முடிந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் பூட்டு பழைய ஜோடியோடு குழியில் இறங்க வேண்டும், இல்லையென்றால் போன் வேலைக்கே நிரந்தரமாகக் கையெழுத்துப் போட வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஏணியோடு வேலை செய்ய வேறு எந்த மெக்கானிக்கும் தயாராக இல்லை. பூட்டு கையெழுத்துப் போட்டால் ஏணிக்கு ஜோடி கிடையாது. ஜோடி இல்லாதவன் ஆயுசுக்கும் எண்ணெய்தான் துடைக்க வேண்டும். பூட்டு பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டிருப்பான். நான்தான் பேனாவைப் பிடுங்கினேன்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு. ஞாயித்துக்கிழமை என்கூட ஒரு இடத்துக்கு வா."

"எங்கேக்கா?"

"பேய் ஓட்டத்துக்கு."

நாங்கள் பராமரிக்கிற ஒரு கட்டடத்தின் லிஃப்டுக்குள் அந்த விளம்பரம் ஒட்டியிருந்தது. ஊருக்கு வெளியே மூடிக் கிடக்கிற ஒரு பழைய கிடங்கில் தடை ஓட்டம். சேறு, வலை, சுவர், குகை எல்லாவற்றையும் தாண்டி ஓட வேண்டும், வழியெல்லாம் பேய் வேஷம் போட்டவர்கள் துரத்துவார்கள். ஒரு குழுவுக்கு நான்கு பேர். முடிவுக் கோட்டை நான்கு பேரும் கைகோத்துக்கொண்டுதான் தாண்ட வேண்டும். இந்தக் கடைசி விதியைப் படித்ததும்தான் எனக்கு யோசனை வந்தது. பேசாதவர்களைக் கைகோக்க வைத்துவிட்டால் வாய் தானாகத் திறக்கும் என்று கணக்குப் போட்டேன். ஐம்பத்தொரு வயதில் சேற்றில் உருளுவதற்கு எனக்கு வேறு காரணம் இல்லை. நான்காவது ஆளாக எங்கள் வேன் டிரைவரைச் சேர்த்தேன். ஏணியும் வருகிறான் என்பதை மட்டும் பூட்டிடம் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வேனில் ஏறிய பூட்டு, பின் சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்த ஏணியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கிப் போய்விடுவான் என்று நினைத்தேன், ஆனால் டிரைவர் அதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்.

ஆளுக்கு மூன்று சிவப்பு நாடாவை இடுப்பில் செருகிவிட்டார்கள். அதுதான் உயிராம். பேய் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போகும். மூன்றும் போனால் நாமும் பேய், மார்பில் மண்டை ஓடு படம் குத்திக்கொண்டு ஓட வேண்டும். சேற்றுக் குழியிலேயே என் மூன்று உயிரும் போயிற்று. வலைக்கு அடியில் நான் ஊர்ந்தபோது பின்னால் வந்த ஒரு பேய், "மெதுவாம்மா, அவசரமில்ல" என்றது. அதுதான் எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது. டிரைவர் வேறு வழி கண்டுபிடித்தார். எதிர்ப்பட்ட பேய்க்கெல்லாம் "வணக்கம் சார்" என்று சல்யூட் வைத்தார். பேய்களும் பழக்க தோஷத்தில் வணக்கம் வைத்தன, அந்த நேரத்தில் இவர் ஓடிவிட்டார். கடைசிவரை அவருடைய மூன்று உயிரும் பத்திரமாக இருந்தது.

வழுக்குச் சுவரில் ஏணி குனிந்து நின்றான். நான் அவன் தோளில் ஏறித் தாண்டினேன், டிரைவர் தாண்டினார். பூட்டு ஏறவில்லை. பக்கவாட்டில் கயிறு இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு அடிபட்ட முழங்காலோடு தானே ஏறினான். ஏணி கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றான். பிறகு நிமிர்ந்து, தோளில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டு வந்தான். என் கணக்கு தப்பாகிவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு பேர் தலையையும் பிடித்து மோத வைக்கலாம் போல இருந்தது.

கடைசித் தடை கிடங்குக்குள்ளே. ஆள் நுழைகிற அளவுக்குக் குழாய் மாதிரி இரண்டு பெரிய உருளைகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்த வாக்கில் சுழன்றுகொண்டிருக்கும். உள்ளே தவழ்ந்து அந்தப் பக்கம் போக வேண்டும். சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது, ஒலிபெருக்கியில் ஒரே அலறல். எங்களுக்கு இடது உருளை. நாங்கள் போனபோது அது மட்டும் சுழலாமல் நின்றிருந்தது. வாசலில் நின்ற பேய், "எதுவோ சிக்கிக்கிச்சுங்க, பின்னாடி பார்த்துட்டிருக்காங்க. நின்னுதானே இருக்கு, அப்படியே பூந்து போயிடுங்க" என்றது.

ஓடுகிற மெஷினைக் கண்டு மெக்கானிக் பயப்பட மாட்டான். தானாக நின்றுபோன மெஷினைக் கண்டுதான் பயப்படுவான், அது எப்போது வேண்டுமானாலும் தானாகக் கிளம்பும். பூட்டு சுற்றிலும் பார்த்தான். உருளைகளுக்கு எதிர்ச் சுவரில், ஒட்டடை மாதிரித் தொங்கவிட்ட பஞ்சுக்கு நடுவில் இரண்டு சுவிட்ச் இருந்தது. விறுவிறுவென்று அங்கே போனான். ஒரு சுவிட்சை இறக்கினான், சட்டையைத் தூக்கி இடுப்பிலிருந்து பூட்டை எடுத்து மாட்டிப் பூட்டினான். பேய் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவன் எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்துபோயிருக்க வேண்டும். பழைய குரலில், கிடங்கே அதிரும்படி, "பூட்டிட்டேன்!" என்று கத்தினான்.

பதில் வரவில்லை. ஏணி சுவிட்ச் இருந்த சுவரை நோக்கி நடந்தான். பூட்டு அதற்குக் காத்திருக்கவில்லை. உருளைக்குள் இடுப்புவரை நுழைந்துவிட்டான். சுவரருகே குனிந்து பார்த்த ஏணி, மூன்றே எட்டில் திரும்பி ஓடிவந்து பூட்டின் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தான். இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். அதே நொடி இடது உருளை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மறுபடி சுழல ஆரம்பித்தது.

உள்ளே எல்லாம் பஞ்சு மெத்தை, அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் வலது உருளை நின்றுபோயிருந்தது, அணைந்து எரிகிற வெளிச்சத்தில் அது எங்கள் கண்ணில் படவில்லை. அதற்குள் இருந்த வேறொரு குழுவினர் தலைகீழாகக் கிடந்து அலறிக்கொண்டிருந்தார்கள். பேய் வீட்டில் யார் அலறினால் யார் கவனிப்பார்கள்? நான்தான் குனிந்து, "பதறாதீங்க, ஆள் வந்துட்டாங்க, எதையும் பிடிச்சு இழுக்காதீங்க" என்றேன். உள்ளேயிருந்து ஒரு பெண் "சரிங்க மேடம்" என்றாள்.

பூட்டு தரையில் உட்கார்ந்தபடி சுழல்கிற உருளையைப் பார்த்தான். நிற்கிற உருளையைப் பார்த்தான். பிறகு திரும்பிச் சுவரில் தொங்கிய தன் பூட்டைப் பார்த்தான். அது தப்பான சுவிட்சில் தொங்கியது. உருளையைப் பார்த்து நின்றால் எங்களுடையது இடதுகைப் பக்கம். திரும்பிச் சுவரைப் பார்த்தால் அதனுடைய சுவிட்ச் வலதுகைப் பக்கம் வந்துவிடும். அவன் இடது என்று மனதில் வைத்துக்கொண்டு திரும்பி, இடதுகைப் பக்கம் இருந்ததைப் பூட்டிவிட்டான்.

ஏணி பக்கம் திரும்பினான். பிறகு கேட்டான்.

"அந்த மெஷின் ரூம்லயும் சுவிட்ச் எதிர்ச் சுவத்துலதானே இருந்துச்சு?"

ஏணி தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லு. அன்னைக்கு நான் ஒண்ணாம் நம்பரைப் பூட்டிட்டு ரெண்டாம் நம்பர்ல இறங்கினேனா?"

"வெள்ளை அடிச்சு நம்பரெல்லாம் அழிஞ்சு கெடந்துச்சு மச்சான்."

"நான் கேட்டதுக்கு பதில் சொல்லு."

"ஆமா. நீ குழியிலேருந்து அலறினதும் போய்ப் பார்த்தேன். உன் பூட்டு ஒண்ணாம் நம்பர்ல தொங்குச்சு. லிஃப்டைக் கையால ஏத்தி முடிச்சதும், மத்தவங்க மேல வர்றதுக்குள்ள, மாத்துச் சாவியால பூட்டைத் தெறந்து பாக்கெட்ல போட்டுக்கிட்டு சுவிட்சை ஏத்திட்டேன்."

"ஏன்டா?"

"அன்னைக்கு நான் பார்க்கவே இல்ல. பார்க்காமலே பார்த்துட்டேன்னு கத்திட்டேன். பதினோரு வருஷத்துல நீ தப்பாப் பூட்டினதே இல்லையே, எதுக்குப் போய்ப் பார்க்கணும்னு இருந்துட்டேன். என் மேலயும்தானே தப்பு?" மூச்சு வாங்கிக்கொண்டான். "என்னை நம்பலேன்னா நீ வேற ஜோடியோட இறங்குவே. உன்னையே நம்பலேன்னா எந்தக் குழியில இறங்குவே? அதான் சொல்லல."

எனக்கு அழுகை வந்தது. பத்தொன்பது வருஷத்தில் வேலை நேரத்தில் நான் அழுததில்லை, ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை. இத்தனை மாதம் ஏணியின் மேசையில் நானும் உட்காராமல் இருந்தேன். அதை நினைத்ததும் வெட்கமாக இருந்தது.

அதற்குள் ஐந்தாறு பேய்கள் டார்ச்சோடு வந்துவிட்டன. "யாருங்க பூட்டினது? சாவி எங்க?" என்று ஒரு ரத்தக்காட்டேரி கேட்டது. சாவியைப் பூட்டு தன் ஷூவுக்குள் வைத்திருந்தான், அந்த ஷூ சேற்றுக் குழியில் போயிருந்தது. இந்தக் களேபரத்தில் அதுவரை யாரும் கவனிக்கவில்லை, அவன் ஒற்றைக் காலில்தான் ஷூ போட்டிருந்தான். மாற்றுச் சாவி ஏணியிடம் இருந்தது. மெக்கானிக் வேலை போன பிறகும் எட்டு மாதமாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் திரிந்திருக்கிறான். அவன் திறந்துவிட்டான், வலது உருளை சுழன்றது, மாட்டிக்கொண்டவர்கள் கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். எங்களை ஓட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். சல்யூட் வைத்து மூன்று உயிரையும் காப்பாற்றிய டிரைவருக்கு மட்டும் ரொம்ப வருத்தம்.

திரும்பி வரும்போது பூட்டு, "நடந்ததை எல்லாம் நாளைக்கு மேனேஜரம்மாகிட்ட எழுதிக் கொடுத்துடறேன்" என்றான். ஏணிக்குக் கோபம் வந்துவிட்டது. "எட்டு மாசம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன். அதையெல்லாம் ஒரு பேப்பர்ல போட்டு நாசம் பண்ணப் போறியா?" என்று கத்தினான். அப்படி அவன் கத்தி நான் கேட்டதில்லை. பூட்டு அதைக் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை எழுதிக் கொடுத்துவிட்டான்.

மேனேஜரம்மா இரண்டு தடவை படித்தார். இருவரையும் உட்கார வைத்து ஒரு மணிநேரம் கேட்டார். மத்தியானமே முடிவைச் சொல்லிவிட்டார். ஏணி மறுபடி மெக்கானிக். பார்க்காமல் பார்த்தேன் என்று சொன்னதற்கும், பூட்டை எடுத்து மறைத்ததற்கும் அவன் ஏற்கனவே அனுபவித்தது போதும். பூட்டு இன்னும் ஆறு மாதம் குழியில் இறங்கக் கூடாது, அதற்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவன் மாதிரிப் பரீட்சை எழுத வேண்டும். அதுவரை ஏணிக்கு மேனேஜரம்மாவே ஒரு ஜோடியைப் போட்டுக் கொடுத்தார். பூட்டு சரி என்று சொல்லிவிட்டு என் பக்கத்து நாற்காலிக்கு வந்தான். மூன்று போன் எடுத்தான். நான்காவது போனுக்கு முன்னால் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குப் போகணும். நீயும் வர்றியா? தனியா போக பயமா இருக்கு."

போனேன். இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம். கதவைத் திறந்த தங்கை அண்ணனைப் பார்த்ததும் "அண்ணா!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவன் உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். எதையும் குறைக்கவில்லை, தன்னைத் திட்டிக்கொள்ளவும் இல்லை. என்ன நடந்ததோ அதை மட்டும் சொன்னான். அவள் பிடித்திருந்த கையை நடுவிலேயே விட்டுவிட்டாள்.

"அவருக்கு இது எப்பத்துல இருந்து தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்மா."

உள்ளே ஏணி குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தான். அவள் போய் அவன் முன்னால் நின்றாள்.

"நான் என்னென்ன சொன்னேன் உங்களை. அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

ஏணி துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ அண்ணனுக்காகத்தானே சொன்னே" என்றான்.

அவள் அந்தத் துண்டைப் பிடுங்கி அதில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். குழந்தை ஈரத் தலையோடு நின்று எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தது. வெகுநேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அண்ணன் அங்கேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தான்.

"உன்னை வராதேன்னு சொல்ல மாட்டேன். ஆனா இனிமே இந்த வீட்டு வாசலுக்கு வந்தா முதல்ல அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடு. அவர் வந்து உள்ள வான்னு சொன்னப்புறம் வா. அதுக்கப்புறம்தான் நான் உனக்குத் தங்கச்சி."

அவன் தலையாட்டினான். உள்ளே பார்த்து வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. மூன்றாவது தடவை அவன் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஏணி எழுந்து பாதி தூரம் வந்திருந்தான்.